பன்னிரண்டாவது அலமாரி

அந்தத் தெருவில் மாடி கட்டாத வீடு இல்லை. மாடியில் சமையலறை உள்ள வீடும் இல்லை. அதாவது, காகிதத்தில் இல்லை.

நகராட்சியின் சட்டம் அப்படி. மாடியில் அறை போட்டால் அது வெறும் அறை. அங்கே தனியாக அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் வந்துவிட்டால் அது புது வீடு. புது வீடு என்றால் வளர்ச்சிக் கட்டணம் கட்ட வேண்டும். சாலை, வடிகால், தெருவிளக்கு எல்லாம் அந்தப் பணத்தில்தான். கட்டணம் என்ற பேச்சு எழுந்தாலே தெருவில் ஆளாளுக்கு வழி தேடுவார்கள். உடனே தெருமுனை இரும்புப் பட்டறைக்கு ஓடி வருவார்கள்.

பட்டறைக்காரருக்குத் தெரு வைத்த பெயர் மடக்கு மாமா. கட்டில், ஏணி, மேசை, எதைக் கேட்டாலும் மடக்குகிற மாதிரி செய்து கொடுத்துவிடுவார். அவருடைய உச்சகட்ட வேலை ஒரு துணி அலமாரி. கதவைத் திறந்தால் நாலு சட்டை தொங்கும். சட்டைக்குப் பின்னால் இருக்கும் கொக்கியை இழுத்தால் அடுப்பு முன்னால் வரும், தொட்டி கீழே இறங்கும். தள்ளினால் இரண்டும் சமர்த்தாக உள்ளே போய்விடும். பதினொரு வீட்டுக்குச் செய்து கொடுத்திருந்தார். எதைச் செய்தாலும் அதன் உள்பக்கத்தில் அந்த வகைக்கான வரிசை எண்ணைச் சுத்தியலால் அடித்துப் பதிப்பது அவர் வழக்கம். இவ்வளவு நல்ல வேலையை வெளியில் சொல்லிப் பெருமைப்பட முடியவில்லையே என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே குறை.

அதுவும் போன மழைக்காலம் வரைதான். அப்போது கைக்குழந்தையோடு வந்த மகள், முழங்கால் அளவுத் தண்ணீரில், வாசலுக்கு நாலடி முன்னால் வழுக்கி விழுந்தாள். குழந்தையை மேலே தூக்கிப் பிடித்தபடி விழுந்ததால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. மாமா மாடி கட்டிக்கொண்டிருந்ததே மகளும் மருமகனும் குடிவரத்தான்.

"மாடியெல்லாம் நல்லாத்தான்பா இருக்கு. ஆனா அந்தத் தெருவுல தண்ணி நிக்கிற வரைக்கும் நான் வரமாட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். அப்பனுக்குப் பிறந்த பிடிவாதம். சொன்னால் சொன்னதுதான்.

மாமா நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டிக்கொண்டு நகராட்சிக்குப் போய்க் கத்தினார். கட்டணப் பிரிவு அதிகாரி, கழுத்தில் மூக்குக்கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்த பெண், அவருக்கு மூச்சு வாங்கும்வரை காத்திருந்தாள். பிறகு கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"எந்தத் தெருவுல புது வீடு வருதோ, அந்தத் தெருவுக்குத்தான் சார் வடிகால் பணம். உங்க தெருவுல பத்து வருஷத்துல எத்தனை வந்திருக்கு, நீங்களே பாருங்க."

முழுசாக ஒரு முட்டை. அந்த முட்டையைப் போட வைத்ததே அவர்தானே! பதினொரு தடவை, ஒவ்வொரு தடவையும் கச்சிதமாக.

அடுத்த வாரம், மாமா கட்டி முடித்திருந்த மாடியைப் பார்வையிட அதே அதிகாரி வந்தாள். எதிர்வீட்டு ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. பன்னிரண்டாவது அலமாரியில் மாமாவின் மனைவி அவருடைய நாலு சட்டைகளை மாட்டி வைத்திருந்தாள். அதிகாரி கதவைத் திறந்தாள், சட்டைகளைப் பார்த்தாள், மூடினாள். 'கூடுதல் படுக்கையறை, கட்டணம் இல்லை' என்று எழுதிக்கொண்டு படியிறங்கினாள்.

அவள் நாலாவது படியில் கால் வைக்கும்போது மாமா மேலிருந்து கூப்பிட்டார். "மேடம், ஒரு நிமிஷம். சட்டைக்குப் பின்னால பாக்கலையே."

"உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று மனைவி பல்லைக் கடித்தாள்.

"ஆமா, பேத்திப் பைத்தியம்" என்றபடி கொக்கியை இழுத்தார்.

அடுப்பு வந்தது, தொட்டி இறங்கியது. திரும்பி வந்த அதிகாரி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "அடேயப்பா! சத்தமே வரலையே. என்ன நேர்த்தியா பண்ணியிருக்கீங்க!"

பத்து வருஷமாகக் கேட்கத் துடித்த வார்த்தை. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்பிரிங்கைப் பாருங்க, கீலைப் பாருங்க, உள்பக்கம் பாருங்க என்று ஒன்று விடாமல் காட்டினார். அதிகாரி எல்லாவற்றையும் பார்த்தாள். இரும்பில் பதித்திருந்த எண்ணையும் பார்த்தாள்.

"பன்னெண்டா? அப்ப மீதி பதினொண்ணு எங்க சார்?"

திறந்திருந்த ஜன்னல் வழியே அது தெருவுக்கே கேட்டது. எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

மாமாவுக்கு அப்போதுதான் தான் செய்து வைத்திருந்த காரியம் உறைத்தது. "என்னோடதைக் காட்டினேன் மேடம். அடுத்தவங்க வீட்டுக் கதவை நான் தொறக்க மாட்டேன்."

அவள் முன்பு எழுதியிருந்ததை அடித்துத் திருத்தினாள். "சரி. தானா வந்து சொல்றவங்களுக்கு அபராதம் இல்ல, தவணையில கட்டலாம். மாசக் கடைசி வரைக்கும் நான் இந்தப் பக்கம் வரமாட்டேன்."

சாயங்காலம் தெருவே பட்டறையில் கூடி மாமாவைக் கிழிகிழியென்று கிழித்தது. "திருட்டு வேலைக்கு யாராவது நம்பர் போடுவாங்களா மாமா?" என்று தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"தப்புதான்" என்றார் மாமா. "ஆனா அங்க போட்டிருந்த முட்டையை நான் கண்ணால பார்த்தேன். இந்தத் தெருவுல புதுசா யாருமே குடிவரலைன்னு நாமதான் எழுத வச்சிருக்கோம். என் பொண்ணு விழுந்தது அதனாலதான். அவளைத் தள்ளிவிட்டது நான்தான்." ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

மாசக் கடைசிக்குள் எட்டுப் பேர் நகராட்சிப் படி ஏறினார்கள். மற்ற மூவர் இன்னும் சட்டைக்குப் பின்னால்தான் சமைக்கிறார்கள். மாமாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

அடுத்த மழைக்கு முன்பே வடிகாலுக்காகத் தெருவைத் தோண்டிவிட்டார்கள். வாசலுக்கு நேராக இடுப்பளவுப் பள்ளம். மேலே மூடி போட இன்னும் ஆள் வரவில்லை. மாமா அதை நாலு கோணத்தில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். ஒரு பள்ளத்தை இவ்வளவு ஆசையாக வேறு யாரும் படம் பிடித்திருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி வந்து நின்றது. குழந்தையோடு இறங்கிய மகள் பள்ளத்தைப் பார்த்துத் தயங்கினாள். மாமா வீட்டை ஒட்டியிருந்த பட்டறைக்குள் ஓடிப் போய் ஓர் இரும்புப் பலகையை இழுத்து வந்து டப்பென்று விரித்தார். பள்ளத்தின் மேல் பாலம். ஓரத்தில் 1 என்று பதித்திருந்தது.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாலத்தையுமா மடக்குற மாதிரி பண்ணீங்க?"

"பின்னே? நீ இந்தப் பக்கம் வந்ததும் மடக்கி உள்ள வச்சிடுவேன். அப்புறம் நீ எப்படித் திரும்பிப் போறேன்னு பாக்குறேன்."

அவள் பாலத்தில் இரண்டடி வைத்து, குழந்தையை முதலில் நீட்டினாள். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.