நாடி சொல்லும் வாட்ச்

“அம்மா, பல்புக்கு நம்மளத் தெரியுமா?” என்று சின்ன வயதில் ஒருநாள் ஈவ்லின் கேட்டாள். எலிசபெத் சிரித்தாள். இப்போது ஈவ்லினுக்குத் திருப்பதியில் வேலை. ஆள் வந்தால் தானே எரியும் பல்புகளைத்தான் வீடுவீடாகப் பொருத்துகிறாள்.

சித்தூரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கும் நாடி பார்க்கும் வாட்ச், கதவு திறந்தால் சொல்லும் சென்சார் என எல்லாம் பொருத்தினாள்.

“உடம்புல கட்டிக்கிறது ஒரு ரகம், வூட்டுல மாட்டுறது ஒண்ணு, பங்காருபாளையம் மாந்தோப்புல ஈரம் பாக்க நட்டு வெக்கிறாங்களே, அது ஒண்ணு. குணம் மூணுக்கும் ஒண்ணுதாம்மா. அதுவா பாக்கும், தூரத்துல இருக்கிறவங்களுக்குச் சொல்லும். சிலது நாம சொன்னதச் செய்யும்.”

“பேசுமா?”

“பேசுறதும் இருக்கு. வாங்கித் தரவா?”

“நீதான் இருக்கியே.”

ஆனால் அதன்பின் மகளின் அழைப்புகள் குறைந்தன. நாடியும் தூக்கமும் போனிலேயே தெரியும்போது கேட்க என்ன இருக்கிறது? சாயங்காலமானால் எலிசபெத் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பெரிய வெள்ளி வந்தது. அன்று அவர்கள் சபைப் பெண்கள் நகை அணிவதில்லை. எலிசபெத் வளையலோடு வாட்சையும் கழற்றி வைத்தாள். போனையும் விட்டுவிட்டு, பின்வாசலைப் பூட்டிக்கொண்டு, பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை நடக்கும் மும்மணி ஆராதனைக்குப் போனாள். சென்சார் இருந்தது முன்கதவில்.

திருப்பதியில் ஈவ்லின் பார்த்தாள். நாடி இல்லை. கதவு திறக்கவில்லை. அம்மா போனை எடுக்கவில்லை. அம்மாவின் பக்கத்து வீட்டுச் செல்வியைப் போனில் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லி, அழுதபடியே பஸ் ஏறினாள்.

தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்திருந்த நேரம். வரிசையில் வைத்த குடங்களை அப்படியே விட்டுச் செல்வி ஓடினாள். பின்வாசல் பூட்டைப் பார்த்து, வெயிலில் சர்ச்சுக்கு ஓடினாள். வாசலில் நின்றபடி போனில் மெல்லச் சொன்னாள்: “இருக்காங்க பாப்பா. பாட்டு பாடிக்கினு இருக்காங்க.”

ஈவ்லின் பாதி வழியில் இறங்கித் திரும்பியிருக்கலாம். இறங்கவில்லை.

“இன்னாடி, சொல்லாம கொள்ளாம?” வீட்டு வாசலில் மகளைக் கண்டு எலிசபெத் பதறினாள்.

“வாட்ச ஏம்மா கழட்டின? அது நகையா?”

“மினுக்குதே, பின்ன?”

“உனக்கு ஒண்ணுன்னா சொல்லும்னுதான கட்டிவுட்டேன்.”

“எல்லாம் சொல்லுது. துன்னியான்னு கேக்குதா?”

செல்வி சர்ச்சுக்கு ஓடிவந்த கதையை ஈவ்லின் சொன்னாள். பிறகு அம்மாவின் வெறுங்கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னா துன்ன?” என்றாள்.

“இன்னிக்கு உபவாசம்டி!”

அழுகையோடு சிரித்தார்கள். உபவாசம் முடிக்க, இருட்டுமுன் இருவருமாகக் கஞ்சி காய்ச்சினார்கள்.

செல்வியின் வாசலில் குடங்கள் காலியாக இருந்ததை எலிசபெத் பார்த்தாள். தண்ணீர் லாரி வந்த நேரத்தில்தான் அவள் தன்னைத் தேடி ஓடினாள் என்று புரிந்தது.

விடியுமுன், மகள் உறங்கும்போது, எலிசபெத் தன் டிரம்மிலிருந்து தண்ணீரை மொண்டு, சத்தமில்லாமல் அந்தக் குடங்களை நிரப்பி மூடிவைத்தாள்.