மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு பங்குப் பத்திரம்

யாரும் கேட்காவிட்டாலும் யோசனை சொல்லிவிடுவது தோணியை நடத்தும் தண்டல் ஜேசுபாதத்தின் வழக்கம். எட்டாம் வகுப்பு வரை படித்தவர் என்பதால் அந்த வியாதி அவருக்குக் கொஞ்சம் முற்றியிருந்தது.

அறுபத்தெட்டில் தோணிக் கம்பெனி தன் தண்டல்கள் எட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஐம்பது பங்குக்குப் பத்திரம் கொடுத்தபோது, "ஏலே, பெட்டியில போட்டா கரையான் தின்னுரும். கண்ணாடி போட்டு மாதா படத்துக்குப் பக்கத்துல மாட்டுங்க" என்றார். எட்டுப் பேரும் மாட்டினார்கள்.

எழுபத்து மூன்றில் மதராஸிலிருந்து ஒருவர் வந்து பங்குக்குப் பத்து ரூபாய் என்றபோதும் யோசனை அவருடையதுதான். "புதுத் துறைமுகம் வந்துட்டா கப்பல் கரைக்கே வந்துரும். தோணி வெறகுதான். வித்துருவோம்." பங்கை அவர் பேருக்கு மாற்றும் தாளில் எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை பத்திரம் வாங்க வருவதாகச் சொல்லிப் போனார் மதராஸ்காரர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எட்டுத் தண்டல்களில் ஒருவனான பவுல் ஜேசுபாதத்தின் சட்டையைப் பிடித்தான்.

"பெரிய முதலாளிமாருக்கு அந்தாளு நாப்பது குடுக்கானாம்லா! நமக்கு மட்டும் பத்து! கம்பெனி எடம் புதுத் துறைமுகத்துக்குப் பக்கத்துல கெடக்கு. தோணிய வாங்கலலே, மண்ண வாங்குதான்."

பவுலின் மூத்த மகள் கல்யாணம் அந்த ஐம்பது பங்கை நம்பித்தான் நின்றது. ஜேசுபாதத்துக்கு அன்று மீன்குழம்பு இறங்கவில்லை. மனைவி இன்பமணி சட்டியை மூடிக்கொண்டே, "வாய்க்கும் ஒரு மூடி செஞ்சிருக்கலாம்" என்றாள்.

மறுநாள் மதராஸ்காரர் ஜேசுபாதம் வீட்டுக்கு வந்தார். "கையெழுத்துப் போட்டாச்சு, இனிப் பேச்சில்லை" என்று கண்ணாடிச் சட்டத்தைத் தாமே கழற்றினார். கண்ணாடிக்காரன் மைதாப் பசையை அள்ளிப் பூசியிருந்தான். பத்திரம் கிழிந்து பாதி பலகையில், பாதி அவர் கையில். எட்டு வீட்டுக்கும் ஒரே கண்ணாடிக்காரன், ஒரே பசை. எட்டுப் பேரும் கம்பெனியில் புதுப் பத்திரம் வாங்கி வர வேண்டும் என்று கத்திவிட்டுப் போனார் அவர்.

எட்டுச் சட்டங்களையும் மேஜையில் பார்த்த கம்பெனிச் செயலாளர் ஹாமிது, "என்ன அண்ணாச்சி, படக்கடை போடப்போறியளா?" என்றார். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. அப்படி ஒருவர் பங்கு வாங்கித் திரிவதே அவருக்குத் தெரியாது.

"நம்ம கம்பெனி விதியிலேயே இருக்கு. பாதிக்கு மேல வாங்க நெனைக்கிறவரு சின்ன ஆளு, பெரிய ஆளு எல்லாருக்கும் ஒரே வெலைய எழுத்துல சொல்லணும். யோசிக்க ஒரு மாசம் குடுக்கணும். இல்லன்னா ஒரு பங்கும் அவரு பேருக்கு மாறாது."

"அப்போ நாங்க போட்ட கையெழுத்து?"

"பத்திரம் போகல, பணமும் வரல. அது வெறுந்தாளு அண்ணாச்சி."

ஜேசுபாதம் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி ஹாமிதுடையது.

பத்தாம் நாள் மதராஸ்காரரிடமிருந்து கடிதம் வந்தது. எல்லாருக்கும் பங்குக்கு நாற்பது ரூபாய், யோசிக்க ஒரு மாதம். பவுல் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"கண்ணாடி போடச் சொன்ன மகராசனே! இப்பம் சொல்லு, விக்கவா, வேண்டாமா?"

ஜேசுபாதம் வாயைத் திறந்தார். இன்பமணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மூடிக்கொண்டார்.

"ஹாமிது சாரப் போய்க் கேளுலே" என்றார். அன்றைக்குக் குழம்பு இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டார்.