ஒரே எண்ணில் இரண்டு குப்பிகள்

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு கவுண்டர்கள். எதில் ரத்தம் எடுத்தாலும் குப்பிக்கு எண் கொடுப்பது கணினியில் நான் எழுதிய ஒரு சின்ன நிரல், ஸ்கிரிப்ட். முதல் கவுண்டரில் என் கொழுந்தன் இருந்தான்.

சர்க்கரை நோயே இல்லாத ஒரு தச்சருக்கு வேறொருவரின் ரிப்போர்ட் போய்விட்டது. அதை நம்பிச் சர்க்கரை மாத்திரை போட்டவர் பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். லேபிளை மாற்றி ஒட்டினான் என்று கொழுந்தனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

"மெஷின்ல வந்ததைத்தான் ஒட்டினேன் அண்ணி" என்றான், அன்றிரவு சாப்பிடும்போது.

"மெஷின் பொய் சொல்லாது. ஃபோனைப் பார்த்துக்கிட்டே ஒட்டியிருப்ப."

அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான்.

மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை கணினியின் பதிவைத் திறந்தேன். 4417 இரண்டு முறை இருந்தது. இரண்டு கவுண்டர், ஒரே நொடி.

ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். ஒரு கவுண்டர் எண் எடுக்கும்போது மற்றது நுழையாதிருக்கப் பூட்டு போல ஒரு கோப்பு வைத்திருந்தேன். அது இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் பார்க்கும். இல்லையென்றால் உருவாக்கிவிட்டு உள்ளே போகும். பார்ப்பதற்கும் உருவாக்குவதற்கும் நடுவே கண்ணிமைக்கும் நேரம். அதற்குள் மற்ற கவுண்டரும் பார்த்து, பூட்டில்லை என்று நுழைந்துவிட்டது. இதற்கென்றே ஃப்ளாக் (flock) என்ற கட்டளை உண்டு. பார்ப்பதையும் பூட்டுவதையும் ஒரே செயலாக முடிக்கும். பிந்தி வந்தது காத்திருக்கும். ஒரே ஒரு வரி. எனக்குத் தெரியாததல்ல. இரண்டு கவுண்டர்தானே என்று விட்டிருந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அந்த வரியைச் சேர்த்துவிட்டுத் தலைமை டாக்டரிடம் போனேன். "தப்பு என்னோடது டாக்டர். அவன் மேல ஒண்ணுமில்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இது ஒண்ணுதானா?"

நான்கு மாதப் பதிவில் இன்னும் மூன்று எண்கள் இரட்டித்திருந்தன. ஆறு பேர். ஐந்து பேர் ஃபோனில் கிடைத்தார்கள். ஒரு அம்மாவின் எண் உபயோகத்தில் இல்லை.

வீட்டுக்குப் போய்க் கொழுந்தனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவன் வண்டிச் சாவியை எடுத்தான்.

"அந்தம்மா வீடு எனக்குத் தெரியும். வண்டியில ஏறுங்க" என்றான்.

கதவைத் திறந்த அம்மா நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இதை நம்பி நாலு வாரமா மாத்திரை முழுங்கறேன். இனிமே நீங்க சொல்றதை எப்படி நம்பறது?"

கொழுந்தன்தான், மறுபடி ரத்தம் எடுக்க நாளைக் காலையில் தானே வந்து அழைத்துப்போவதாகச் சொன்னான்.