சோளக்குருவிகள் திரும்பும் சத்தம்

விஷ்ராந்த்வாடியில் எங்கள் வரிசையில் குடியிருந்த அருண்ராஜை உங்களுக்குத் தெரிந்திருக்காது, கண்ணுகளா. கல்யாண வீடியோ எடுக்கிறவர். தொண்ணூறுகளில் புனேவில் தமிழ்க் கல்யாணம் என்றால் தோளில் கேமராவோடு அவர்தான் நிற்பார்.

அவரிடம் ஒரு பழக்கம். கேமராவில் மைக் சொருகுகிற துளையில், பழைய வயரிலிருந்து வெட்டிய வெறும் பின் ஒன்றை எப்போதும் சொருகியே வைத்திருப்பார். அது இருந்தால் படம் மட்டும் பதியும், சத்தம் பதியாது. நிக்டியில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அத்தை, "புடவையா இது, ஜன்னல் பர்தாவா?" என்று முணுமுணுத்தது கேசட்டில் தெளிவாக விழுந்து, இரண்டு குடும்பமும் இவர் வாசலில் வந்து நின்றது. அன்றிலிருந்துதான் பின். பிறகு வீட்டில் உட்கார்ந்து படத்தின் மேல் பாட்டைப் போட்டுவிடுவார்.

அவர் மனைவி ஸ்டெல்லாவுக்குச் சர்க்கரையில் இரண்டு கண்ணும் போயின. அப்புறம் சிறுநீரகம். கண் இருந்த காலத்தில் குளிர் தொடங்கினால் இருவரும் ஸ்கூட்டரில் ஹடப்சர் தாண்டிச் சோளக்காட்டு ஏரிக்கரைக்குப் போவார்கள். பொழுது சாயும்போது ஆயிரக்கணக்கான சோளக்குருவிகள் அங்கே ஒன்றாக எழும்பிச் சுற்றும். படுக்கையில் விழுந்த அந்த வருஷம் அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

"ஏங்க, அதுங்க தலைக்கு மேல திரும்புறப்ப ஒரு சத்தம் வருமே, மாதா கோயில் பூசையில எல்லாரும் ஒண்ணா எந்திரிக்கிற மாதிரி. அதைப் புடிச்சிட்டு வாங்க. ஒருக்கா கேட்டாப் போதும்."

"படமும் எடுத்துட்டு வரேன் புள்ள."

"படத்தை நீங்களே வச்சுக்கங்க. எனக்கெதுக்கு?" என்று சிரித்தாள்.

முகூர்த்தமாக வந்துகொண்டிருந்ததில் அவரால் மார்ச்சில்தான் போக முடிந்தது. சோளம் பாதி அறுத்தாகிவிட்டது. அறுப்பு முடிந்தால் குருவிகள் கிளம்பிவிடும். ஸ்கூட்டரை நிறுத்தும்போதே கூட்டம் எழும்பிவிட்டது. வெளிச்சமோ போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கேமராவைத் தோளில் வைத்தார். வானத்தில் யாரோ மாவு பிசைவதுபோலக் கூட்டம் உப்பியது, இழுபட்டது, ஒடுங்கியது. நேராக அவர் தலைக்கு மேல் வந்து திரும்பியது. தன் மூச்சுச் சத்தம் பதிந்துவிடக் கூடாதென்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார் அந்த மனிதர்.

வீட்டில் அவர் கேமராவை டிவியோடு மாட்டியதும் ஸ்டெல்லா ஃபேனை நிறுத்தச் சொன்னாள். தலையணையிலிருந்து தலையைத் திருப்பிக் காதை டிவி பக்கம் வைத்துக்கொண்டாள்.

"போட்டாச்சா?"

"ஓடுது."

கொஞ்ச நேரம் பொறுத்தாள். "குருவி இன்னும் வரலையா?"

திரையில் கூட்டம் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் வாழ்நாளில் எடுத்த படங்களிலேயே அதுதான் நல்ல படம். கை தானாகக் கேமராவின் பக்கவாட்டைத் தடவியது. பின் அங்கேயே இருந்தது.

"ஸ்டெல்லா, பின்னை எடுக்க மறந்துட்டேன்."

"நிக்டி அத்தை குரல் மட்டும் எவ்வளவு நல்லா விழுந்துச்சு" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் பின்னைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போனார். அடுத்த நாளும் போனார். காட்டில் சோளத்தட்டை மட்டும் நின்றது. வானம் சும்மா கிடந்தது.

"கார்த்திகையில வந்துடும் புள்ள. புடிச்சிட்டு வந்துடுறேன்."

"சரிங்க. அதுவரைக்கும் இருக்கேன்" என்றாள்.

ஜூனில் முதல் மழை பெய்த அன்று போய்விட்டாள்.

அடக்கத்தன்று மாதா கோயிலில் தமிழ்ப் பூசை. எங்கள் ஜனம் முழுக்க வந்திருந்தது. அருண்ராஜ் முன் வரிசையில், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாமியார் கையை உயர்த்தினார். எல்லோரும் எழுந்தோம். அத்தனை புடவையும் அத்தனை செருப்பும் ஒன்றாகச் சரசரத்தன.

அவர் எழவில்லை. விருட்டென்று தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். பிறகு பெட்டியின் மேல் குனிந்து மூடியில் வாயை வைத்து, "ஸ்டெல்லா, கேக்குதா?" என்றார்.

நாங்கள் உட்கார்ந்த பிறகும் அவர் நிமிரவில்லை.