நாற்பது மாதிரிகள்

அமிலத்தை வெலிச்கோ பால்கனியில் வைத்துத்தான் சூடாக்கினார். அலுவலகம் மாடியில், கீழே மருந்துக்கடை. புகை உள்ளே இறங்கினால் மருந்துக்கடைக்காரி படியேறி வந்துவிடுவாள். மின்னடுப்பின் மேல் மணல் பரப்பிய தட்டு, மணலின் நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புச் சதுரம். கண்ணாடிக் குழாயால் அதன் மேல் ஒவ்வொரு சொட்டாக விட்டார். ஒவ்வொரு சொட்டுக்கும் பழுப்புப் புகை எழுந்து, மலைப்பக்கத்துக் காற்றில் கலைந்து போனது.

ருமியானா கையுறை போட்டுக்கொண்டு, அசிட்டோன் கிண்ணத்தை ஏந்தியபடி கதவருகே நின்றாள். கறுப்புப் பிசின் கரையக் கரைய, நடுவில் ஒரு பளபளப்பு தெரிந்தது.

"போதும் அண்ணே, தெரிய ஆரம்பிச்சிடுச்சு."

"இன்னும் ஒரு சொட்டு. அவசரப்பட்டா ஒண்ணுமே மிஞ்சாது."

அந்தச் சிப்பைக் கொண்டுவந்தவள் பென்கா. அலுவலகத்தில் சிப்புகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை அவளுடையது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் இரும்பு ரேடியேட்டர்களில், எவ்வளவு சூடு செலவாகிறது என்று காட்டும் சின்ன மீட்டர் ஒட்டியிருக்கும். பென்காவின் மாமியார் வீட்டில் புது மீட்டர் மாட்டிப் போயிருந்தார்கள்.

"சீலை உடைச்சுக் கழட்டிட்டு வந்துட்டேன்," என்றாள் பென்கா. "யாராவது கேட்டா பூனை தட்டிவிட்டுச்சுன்னு சொல்லச் சொல்லியிருக்கேன். அவங்க வீட்ல பூனையே கிடையாது. அது வேற கவலை."

மூவரும் ஒரு காலத்தில் போதெவ்கிராத் ஊரின் பெரிய சிப் ஆலையில் வேலை பார்த்தவர்கள். ஆலை மூடியபின் ஆளுக்கொரு திசையில் போய், பத்து வருடம் கழித்து வெலிச்கோ இந்த இரண்டு அறைகளைப் பிடித்தபோது திரும்பி வந்து சேர்ந்தார்கள். மீட்டருக்கான சிப்பை வெலிச்கோ யோசித்தார். அதன் வரைபடத்தை ருமியானா வரைந்தாள். பதினாலு மாதம். எந்தக் கம்பி எந்த அடுக்கில் எந்த வழியாகப் போக வேண்டும் என்று, திரையில் சிவப்பும் நீலமும் பச்சையுமாக ஒவ்வொரு கோடாக இழுத்து வைத்தாள். அந்தச் சிப்புதான் மூன்று வருடமாக அவர்கள் எல்லோருக்கும் சோறு போட்டது. போன இலையுதிர் காலத்தில் மீட்டர் கம்பெனி காரணம் சொல்லாமல் வாங்குவதை நிறுத்தியது. அவர்களுடைய புது மீட்டருக்குள் யாருடைய சிப்பு இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்த அமிலம்.

கழுவி, காயவைத்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார்கள். ருமியானா குனிந்து பார்த்தாள். மேல் அடுக்கு மட்டும்தான் தெரிந்தது, ஆனால் அதுவே போதுமாக இருந்தது. கம்பி திரும்பும் ஒவ்வொரு முனையிலும் இரண்டு சின்னப் படியாக வெட்டித் திருப்புவது பழைய ஆலையில் பழகிய பழக்கம். இப்போது யாரும் அப்படி வரைவதில்லை. இங்கே ஒவ்வொரு முனையிலும் அந்த இரண்டு படி இருந்தது.

அவள் வெகுநேரம் தலை நிமிரவில்லை.

"என்ன?" என்றார் வெலிச்கோ.

"என் கையெழுத்தையே பாக்கற மாதிரி இருக்கு, அண்ணே."

வெலிச்கோவும் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சுவரைக் காட்டினார். பதிவுச் சான்றிதழ் அங்கே சட்டத்துக்குள் தொங்கியது. சிப்பின் வரைபடத்தைப் பதிவு செய்துவிட்டால் பத்து வருடத்துக்கு அதை வேறு யாரும் நகலெடுத்து விற்க முடியாது. வரைந்தவர் என்ற இடத்தில் ருமியானாவின் பெயர் அச்சாகியிருந்தது. சான்றிதழ் வந்த நாளில் பென்கா பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனீட்சா வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தாள்.

"பின்ன எதுக்குப் பதிவு பண்ணினோம்? இதுக்குத்தானே," என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் குரலில் தெம்பு இருந்தது.

அந்த நகல் சிப்பைச் செய்தது தலைநகர் சோபியாவில் இருந்த ஒரு பெரிய கம்பெனி. வெலிச்கோ வக்கீலைப் பிடித்து வழக்குப் போட்டார். அவர்கள் பதிலுக்கு ஒரே ஒரு மனுவைப் போட்டார்கள். நாங்கள் நகலெடுத்தோமா இல்லையா என்பது இருக்கட்டும், அந்தப் பதிவே செல்லாது.

விசாரணை அக்டோபரில், சோபியாவில் பதிவு அலுவலகத்தில் நடந்தது. ருமியானா இரண்டு சிப்புகளின் படங்களையும் பெரிதாக அச்சடித்து, சுருட்டி ரப்பர் வளையம் போட்டுக் கொண்டுபோனாள். நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். எதிர்த்தரப்பு வக்கீல் நடுத்தர வயதுப் பெண். இருமலுக்கு மிட்டாய் சப்பிக்கொண்டு, மெதுவாகத்தான் பேசினாள்.

"நீங்க பதிவுக்கு விண்ணப்பிச்சது ரெண்டாயிரத்துப் பதினாலு பிப்ரவரி. சரிதானே?"

"சரிதான்."

"முதல் விற்பனை எப்பன்னு எழுதியிருக்கீங்க?"

"ரெண்டாயிரத்துப் பன்னிரண்டு மார்ச். அப்பதான் ஒப்பந்தம் போட்டு மொத்தமா அனுப்பினோம்."

"முதல் விற்பனையிலேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள விண்ணப்பிக்கணும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அதனாலதான் மார்ச்சுக்கு முன்னாடியே போட்டோம்."

வக்கீல் ஒரு தாளை எடுத்து மேசை மேல் நகர்த்தினாள். மீட்டர் கம்பெனியின் கிடங்கிலிருந்து வந்த தாள். நாற்பது சிப்பு, ஒன்றுக்கு ஒரு லெவா. தேதி இரண்டாயிரத்துப் பதினொன்று, நவம்பர் பதினேழு.

"இது உங்க கையெழுத்தா?"

ருமியானா தாளைப் பார்த்தாள். தேதியில் ஏழு என்ற எண்ணின் நடுவில் அவள் எப்போதும் போடும் குறுக்குக்கோடு இருந்தது.

"என்னுதுதான்."

"அப்ப இதுதானே முதல் விற்பனை?"

"விற்பனை இல்லைங்க. மாதிரி. அவங்க மீட்டர்ல வேலை செய்யுதான்னு சோதிச்சுப் பாக்கக் கொடுத்தது."

"சும்மா கொடுத்ததுன்னா பில் எதுக்கு?"

"பில் இல்லாம அவங்க கிடங்குல எதையும் உள்ள எடுக்க மாட்டாங்க. பேருக்கு ஒரு லெவா போட்டோம்."

"சோதனைக்குன்னு அதுல எழுதியிருக்கீங்களா?"

ருமியானா மறுபடி பார்த்தாள். எழுதவில்லை. 'மாதிரி' என்ற சொல் கூட இல்லை. பொருளின் பெயர், எண்ணிக்கை, விலை, அவ்வளவுதான்.

"அந்த நாற்பது லெவா வந்ததா?"

"வந்தது."

நடுவில் இருந்த அதிகாரி கொஞ்சம் வருத்தப்பட்டது போலத்தான் இருந்தது. "நீங்க இதைச் சும்மா கொடுத்திருந்தா இன்னைக்குப் பேச்சே வேறம்மா," என்றார். பிறகு எழுதிக்கொண்டார். மூன்று மாதம் தாமதம். பதிவு செல்லாது. நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. படச்சுருளை யாரும் கேட்கவில்லை. இரண்டு சிப்பும் ஒன்றா என்ற கேள்வி வரைக்கும் வழக்கு போகவே இல்லை.

திரும்பும்போது வெலிச்கோவின் பழைய ஓப்பல் மலையேற்றத்தில் திணறியது. ருமியானாவின் மடியில் படச்சுருள் கிடந்தது. விண்ணப்பம் போட்டதற்கு முந்தைய செப்டம்பரிலேயே அதற்கான படங்கள் எல்லாம் தயாராகிவிட்டன. வெலிச்கோ அப்போதே போட்டுவிடலாம் என்றார். 'மார்ச் வரைக்கும் நேரம் இருக்கே அண்ணே, கையில இருக்கற வேலையை முடிச்சுக்கறேன்' என்று சொன்னது அவள்தான். சொன்ன இடமும் நேரமும்கூட நினைவிருந்தது. ஜன்னலோரம் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"செப்டம்பர்லயே போட்டிருக்கணும்," என்றாள்.

"ம்."

"பில்லுல ரெண்டு வார்த்தை சேர்த்து எழுதியிருக்கணும்."

வெலிச்கோ ஒரு லாரியை முந்தவிட்டார். "அந்தக் கிடங்குக்காரன் எனக்குத்தான் ஃபோன் பண்ணினான் ருமி. நான்தான் உங்கிட்ட, ஒரு லெவா போட்டு அனுப்பிடும்மான்னு சொன்னேன். ஞாபகம் இல்லியா?"

ருமியானாவுக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவர் உண்மையைத்தான் சொன்னாரா, அவளுக்காகச் சொன்னாரா என்று அன்றும் தெரியவில்லை, பிறகும் கேட்கவில்லை.

மேல்முறையீட்டுக்கு அவர்களிடம் தெம்பு இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன் அலுவலகத்தைக் காலி செய்தார்கள். பென்கா காருக்குக் கம்பிக்கட்டு செய்யும் ஆலையில் சேர்ந்தாள். அறுபத்து மூன்று வயதில் வெலிச்கோவுக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. பதிவுச் சான்றிதழை அவர் கழற்றி ருமியானாவிடம் நீட்டினார். அவள் வேண்டாம் என்றாள். அவரும் எடுத்துப் போகவில்லை. திரும்பச் சுவரிலேயே மாட்டிவிட்டு வந்தார்கள்.

ருமியானாவின் கணவனுக்கு லாரி ஓட்டி ஓட்டி முதுகு போய் இரண்டு வருடமாகியிருந்தது. அவளும் பென்காவோடு கம்பிக்கட்டுக்குப் போனாள். நின்றபடி எட்டு மணி நேரம், பலகையில் அடித்த ஆணிகளுக்கு நடுவே வண்ண ஒயர்களை இழுத்து நாடா சுற்ற வேண்டும்.

"நீ முன்னாடி பண்ணின வேலைதாண்டி இதுவும்," என்றாள் பென்கா. "கொஞ்சம் பெருசாக்கிக் கொடுத்திருக்காங்க, உன் கண்ணுக்கு நல்லது."

ருமியானா சிரித்தாள். நாலாவது மாதம் விரல்கள் மடங்க மறுத்தன. அப்போதுதான் சோபியாவிலிருந்து தொலைபேசி வந்தது. வரைபட வேலை தெரிந்த அனுபவமுள்ள ஆள் தேவை என்றார்கள், சம்பளத்தையும் சொன்னார்கள். கம்பெனியின் பெயரைக் கேட்டு அவள் பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள். சிப்பை நகலெடுத்த அதே கம்பெனி.

மறுநாள் வெலிச்கோவைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அவர் கொதிகலன் அறையில் அழுத்தமானியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரக் கவிழ்த்த வாளியைக் காட்டினார்.

"கூப்பிடறாங்க அண்ணே."

யார் என்று அவர் கேட்கவில்லை. "எவ்வளவு தராங்க?"

"இங்க வாங்கறதைப் போல மூணு மடங்கு."

"அப்ப போ."

"எப்படிப் போறது?"

"காலைல ஆறு மணி வேன்ல." பிறகு கையைத் துணியில் துடைத்தார். "உன்னை மைக்ராஸ்கோப்புல பாத்தவங்கதானே. நேர்லயும் பாத்துக்கட்டும்."

அவள் போனாள். கண்ணாடிச் சுவர் வைத்த கட்டடம், ஐந்தாவது மாடி. பிரிவுத் தலைவன் யாசென் என்ற முப்பது வயதுக்காரன். நல்ல பையன்தான், எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அந்த வழக்கு நடந்தப்ப நான் இங்க இல்லை மேடம். அதெல்லாம் வக்கீலுங்க விவகாரம். உங்களை மாதிரி வரையற ஆள் இப்ப கிடைக்கறதே இல்லை. அதனாலதான் கூப்பிட்டேன்."

வேலையை விளக்கினான். மீட்டர் சிப்பை இன்னும் சிறியதாக்க வேண்டும். புது வரைபடம் வெளியே போவதற்கு முன்பே பதிவும் செய்துவிடுவார்கள். கோப்பைத் திறந்து அவள் திரையில் வைத்துவிட்டு, பின்னால் நின்றான்.

அடுக்குகள் ஒவ்வொன்றாக நிறம் பெற்று வந்தன. நிறங்களை மாற்றியிருந்தார்கள், பெயர்களை மாற்றியிருந்தார்கள். ருமியானா மேல் அடுக்கை மறைத்துவிட்டு, கீழ் உலோக அடுக்கைப் பார்த்தாள். பதினாலு மாதம் வாழ்ந்த வீட்டுக்குள் நடப்பது போலக் கை தானாகப் போயிற்று. இடது மூலையில் கை நின்றது.

அங்கே ஒரு சின்ன உலோகத் துண்டு, மடித்த முழங்கை போல. எதிலிருந்தும் வரவில்லை, எதற்கும் போகவில்லை. ஒரு மத்தியானம் அந்த வழியாக ஒரு கம்பியைக் கொண்டுபோக நினைத்து வரைந்தாள். பிறகு வழியை மாற்றிக்கொண்டு அழித்தபோது அந்த ஒரு துண்டை அழிக்க மறந்துவிட்டாள். சிப்பு செய்து வந்தபின்தான் கண்டுபிடித்தாள். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

யாசென் குனிந்து திரையைத் தொட்டுக் காட்டினான்.

"இது ஒண்ணை மட்டும் தொடாதீங்க மேடம். எங்க ஆளுங்க மூணு பேர் பாத்துட்டாங்க, எதுக்குன்னு புரியலை. வெளி இரைச்சலைத் தடுக்கறதுக்கா இருக்கலாம்னு நினைக்கறோம். எடுத்தா சிப் ஓடாமப் போயிடுமோன்னு பயம்."

ருமியானா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டவங்க ஏதாவது யோசிச்சுத்தான் போட்டிருப்பாங்க," என்றான் அவன்.

"ஆமா," என்றாள் ருமியானா.

அவன் தன் இடத்துக்குப் போனான். அவள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள். அந்தத் துண்டைச் சுற்றி விட வேண்டிய இடைவெளியை அளந்து விட்டு, மற்றக் கம்பிகளை ஒவ்வொன்றாக நகர்த்த ஆரம்பித்தாள்.