மூடியைத் திறந்த ஞாயிறுகள்

இருபத்தாறு வருடத்தில் என் கணவன் டென்சில் அந்தப் பச்சைக் காரை ஓட்ட எனக்கு ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை. அறுபத்திரண்டாம் வருட மாடல், இரண்டே சீட். வருடத்துக்கு நூறு மைல் ஓடினால் பெரிது. நாற்பது வயது தாண்டிய காருக்கு வருடாந்திரச் சோதனை வேண்டாம் என்று சட்டம் வந்த அன்று கேக் வாங்கி வந்த மனிதன் அவன். ரோஜாச் செடியை வெட்டப் போய் அவன் மணிக்கட்டு சுளுக்கிக்கொள்ளவே, இங்கிலாந்தின் டெவன் பழைய கார் கிளப்பின் கோடைப் பயணத்தன்று சாவி என் கைக்கு வந்தது. அந்தச் சுளுக்குக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

"ஹெஸ்டர், கியரைக் கடிச்சுத் துப்பிடாதே."

"நீ வாயை மூடிட்டு மேப்பைப் பாரு."

மேட்டு நிலத்தில் காற்று முகத்தில் அறைந்தது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் ஆடுகளுக்கெல்லாம் கை காட்டினேன். பிறகு கடலை நோக்கிச் சரியும் செங்குத்து இறக்கம் வந்தது. முன்னால் கிளப் தலைவர் பெரிக்ரினின் கார் ஊர்ந்துகொண்டிருந்ததால் பிரேக்கிலிருந்து காலையே எடுக்கவில்லை. மூன்றாவது வளைவில் மிதித்தேன். கால் நேரே தரையில் போய் இடித்தது.

"டென்சில், பிரேக் இல்ல!"

"விட்டு விட்டு மிதி!"

"மிதிச்சிட்டுத்தான் இருக்கேன்! பஞ்சை மிதிக்கிற மாதிரி இருக்கு!"

இரண்டாவது கியர். பிறகு முதல் கியர். எஞ்சின் அலறியது. கைப்பிரேக்கை இழுத்துக்கொண்டே, இடப்பக்கம் மேடாக ஏறிய மதுக்கடை முற்றத்தில் திருப்பினேன். ஆப்பிள் சைடர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையோடு தாவி ஓடினார்கள். பெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது. சிரித்துவிட்டேன். உயிரோடு இருந்தோமே!

டென்சில் சிரிக்கவில்லை. "பிரேக்கை எரிச்சுட்டே. இனி இந்தக் காரை நீ தொடவே கூடாது," என்று சாவியை உருவிக்கொண்டான்.

முதல் நாளே கடைசி நாளா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குள் கிளப் மெக்கானிக் மிரியம் ஓடி வந்து, பிரேக் ஆயில் டப்பாவில் சோதனைப் பேனாவை விட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"முழுக்கத் தண்ணி சேர்ந்திருக்கு. சூட்டுல கொதிச்சு ஆவியாயிடுச்சு, அதான் பெடல் விழுந்துச்சு. கடைசியா எப்ப மாத்துனீங்க?"

"எதுக்கு மாத்தணும்? கடைசியா மாத்துன இந்தப் பதினோரு வருஷத்துல ஆயிரம் மைல்கூடப் போகலையே!"

"மைலை யாரு கேட்டா? கார் சும்மா நின்னாலும் பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். ஓடுனாலும் ஓடாட்டியும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். ஆனா இது ரொம்ப ஓவர். மூடி சரியா மூடலையா?"

"மூடுவாரு," என்றேன் நான். "ஆனா ஞாயித்துக்கிழமை தவறாம திறந்து அளவு பார்ப்பாரு. விருந்தாளி வந்தா அவங்களுக்கும் திறந்து காட்டுவாரு."

முற்றமே சிரித்தது. டென்சிலின் காது சிவந்துவிட்டது.

"அளவு குறையவே இல்லையே..." என்று முனகினான்.

"எப்படிக் குறையும்? டெவன் மழையெல்லாம் உள்ளதானே இருக்கு!" என்றாள் மிரியம்.

அங்கேயே மாற்றினோம். மிரியம் சக்கரத்தடியில் படுத்து, "மிதி! பிடி! விடு!" என்று கத்தினாள். நான் பெடலில். டென்சில் கிளப் கோட்டோடு சரளைக்கல்லில் மண்டியிட்டு பாட்டிலைப் பிடித்தான். பழைய ஆயில் பால் விடாத டீ நிறத்தில் வழிந்தது, நாலாவது சக்கரத்தில் தெளிந்து வந்தது. மிதித்துப் பார்த்தேன். பெடல் கல் போல நின்றது.

முன்னால் போயிருந்த பெரிக்ரின் திரும்பி வந்து கையை நீட்டினார். "சாவியைக் குடு டென்சில். நான் வீடு சேர்க்கிறேன். ஹெஸ்டர் இன்னிக்குப் பயந்துட்டாங்க."

டென்சில் சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பிறகு என் மடியில் போட்டுவிட்டு, சுற்றி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தான்.

"நான் ஓட்டியிருந்தா ரெண்டு பேரும் கடல்ல கிடந்திருப்போம்," என்றான் மெதுவாக.

"என்னது? காது கேக்கல."

கிளப் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னான்.