செங்கழனிக்கு மட்டும் இரண்டு வரி

தஹ்மீனாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. ஐப்பசி பிறந்த வாரத்தில் அவளைப் பட்டினி போட்டவன் பரிதி.

திருவாரூரில், அறுப்பு மெஷினுக்கு முன்பதிவு எடுக்கும் சின்னக் கம்பெனி அது. விவசாயிகள் போனில் பதிவார்கள். காலை ஆறு மணிக்கு ஊருக்கு ஒரு குவெரியாகச் சர்வரிடம் கேள்வி போகும். யார் யார் வயல் அறுப்புக்கு நிற்கிறது என்று அது பட்டியல் கொடுக்கும். பட்டியல் வந்த ஊருக்கு மெஷின் கிளம்பும். சர்வர் தஹ்மீனாவின் பொறுப்பு, குவெரி எழுதுவது பரிதி. இரண்டு வருடமாக ஒன்றாக டீ குடிக்கிறவர்கள்தான்.

அன்று சர்வரின் பதிவுகளைப் புரட்டியபோது அவளுக்கு மூக்கு வியர்த்தது. நூற்றுப் பன்னிரண்டு ஊர்க் குவெரிகளும் ஒரே மாதிரி இருக்க, செங்கழனிக்கு மட்டும் தலையில் இரண்டு வரி கூடுதல். இந்தக் குவெரிக்கு மட்டும் மெமரியைக் கூட்டிக்கொள். இதற்கு மட்டும் நேர வரம்பை அறுபது விநாடியாக்கு. முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும், சுவடே தெரியாது. செங்கழனி பரிதியின் சொந்த ஊர். அவன் அப்பா மருதையன் அங்கே ஒன்பது மா நிலத்தில் குறுவை போட்டிருக்கிறார்.

அவள் நேராகக் கேட்கவில்லை. கேட்டால் மழுப்பிவிடுவான்.

“உங்க ஊருக்கு மெஷின் ஒழுங்கா வருதா பரிதி?”

“இப்ப வருதுக்கா,” என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இப்பவாம்! எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறான் பாருங்கள். அவன் வீட்டுக்குப் போனதும் அந்த இரண்டு வரியையும் அழித்தாள். அவை ஒன்றுமில்லாத வரிகள் என்றால் நாளைக்கும் மெஷின் போகும். போகவில்லையென்றால் கையும் களவுமாக அகப்பட்டான் என்று அர்த்தம்.

மறுநாள் காலை செங்கழனிக்கு நேரே ‘பதிவு இல்லை’ என்று வந்தது. மெஷின் நன்னிலம் பக்கம் போய்விட்டது. மானேஜர் அம்சவல்லியிடம் என்ன சொல்வதென்று தஹ்மீனா ஒத்திகையே பார்த்துவிட்டாள்.

பத்து மணிக்குப் பரிதி பதறிக்கொண்டு வந்தான். “அக்கா, ஊருக்கு மெஷின் போகலை. அப்பா பதிஞ்சு நாலு நாளாச்சு, இன்னிக்குத்தான் அவரு முறை. வானம் வேற கருத்துக்கிட்டு வருது.”

“போகாது. நீ போட்ட ரெண்டு வரியை நேத்து நான் எடுத்துட்டேன்.”

அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அது திருடனின் முகமாகவும் இல்லை.

“எங்க ஊர்ல முக்கால்வாசி கூட்டுப் பட்டாக்கா. ஒரு சர்வே நம்பருக்கு நாப்பது பேரு. ஒவ்வொரு பேரா பொருத்திப் பாக்க சர்வருக்கு அரை நிமிசம் ஆவுது. அஞ்சு செகண்டுல கத்தரிச்சா, நம்ம புரோகிராம் பதிவே இல்லைன்னு எடுத்துக்குது.”

“அஞ்சு செகண்டா? எவன் வச்சான் அதை?”

கேட்ட வாய் மூடுமுன் நினைவு வந்துவிட்டது. ஆவணியில் சர்வர் திணறியபோது, மொத்தத்துக்குமாக ஐந்து விநாடி வரம்பு போட்டவள் அவளேதான். செட்டிங்கில் எவனாவது கை வைத்தால் தொலைத்துவிடுவேன் என்று கத்தியவளும் அவளே.

“அதான் பொதுவுல தொடலை. இந்த ஒண்ணுக்கு மட்டும் மாத்தினேன். சொன்னா திட்டுவீங்கன்னு பயம்.”

வரிகளைத் திரும்பப் போட்டு ஓட்டினாள். இருபத்தெட்டாவது விநாடியில் ஐம்பத்து மூன்று பெயர்கள் வந்தன. முதல் பெயர் மருதையன். நன்னிலத்தில் வயலில் இறங்கிவிட்ட மெஷின் நாளைக்குத்தான் திரும்பும் என்றார்கள். மூன்று மணிக்கு மழை கொட்டியது. பரிதி போனைக் காதில் வைத்து, “எல்லாமே சாஞ்சுடுச்சாப்பா?” என்று கேட்டதைத் தஹ்மீனாவால் காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை.

ஆனாலும் சந்தேகம் முழுதாக விடவில்லை. “கூட்டுப் பட்டா உங்க ஊர்ல மட்டுமா இருக்கு? மத்த ஊருக்கு ஏன் போடலை?”

பரிதி தலை குனிந்துகொண்டான். “எனக்கு அங்கேருந்துதான்க்கா போன் வந்துச்சு.”

அவள் பதிவுகளை ஆவணி வரைக்கும் பின்னால் தள்ளிப் பார்த்தாள். இன்னும் நான்கு ஊர்கள். ஒரு நாள் விடாமல் ஐந்தாவது விநாடியில் வெட்டுப்பட்டு, ஒரு நாள் விடாமல் ‘பதிவு இல்லை’. அவற்றுக்கும் அந்த இரண்டு வரியைப் போட்டு ஓட்டினாள்; ஒரு ஊரின் முதல் பெயர் ராமாயி. பதிந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. தஹ்மீனா அந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

“மெஷின் கம்பெனியா?” என்றது அந்தப் பக்கத்துக் குரல். பின்னால் மழைச் சத்தம் கேட்டது. “சுத்துப்பட்டுல எல்லாம் அறுத்தாச்சு. நாங்களும் தினம் ரோட்டையே பாத்துக்கிட்டுக் கெடந்தோம். எங்க ஊரு மேல மட்டும் யாருக்கும்மா கோவம்?”

“கோவம் யாருக்கும் இல்லம்மா,” என்றாள் தஹ்மீனா. “தப்பு என்னோடது.”